பனியன் வேஸ்டுக்குள் ஒரு தகடு

1978-ல், பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். டிப்ளமா சர்டிபிகேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற என்னை ஃபோர்மேன் மேலும் கீழும் பார்த்தார். "மூளைய சைக்கிள் ஸ்டாண்டுல நிறுத்திட்டு உள்ள வா தம்பி. சாயங்காலம் போறப்ப எடுத்துக்கலாம். ஒருத்தனும் திருட மாட்டான்" என்றார்.

போன வருஷம் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போயிருந்தேன். லிஃப்ட்டை விட்டு வெளியே வந்தால் எதிர்ச்சுவரில் ஆளுயர எழுத்தில் ஒரு வாசகம். உங்கள் முழு மூளையையும் உள்ளே கொண்டு வாருங்கள் என்று அதற்கு அர்த்தம். அங்கே சைக்கிள் ஸ்டாண்டு இல்லை. மூன்று தளத்துக்குக் கார் நிறுத்துமிடம் இருந்தது.

என் தங்கையின் பேத்தி அங்கே எச்.ஆர்.-ல் இருக்கிறாள். வீட்டில் நான் தாத்தா, அன்றைக்கு மட்டும் 'சார்'. அவர்கள் கம்பெனியில் 'இன்னொவேஷன் வாரம்' நடந்துகொண்டிருந்தது. பழைய தொழிற்சாலைக்காரர் ஒருவர் வந்து, அந்தக் காலத்தில் யோசிக்கவே விடமாட்டார்கள், நீங்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று இளைஞர்களிடம் அரைமணி நேரம் பேச வேண்டுமாம். இப்படித் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள் என்றால் பேசுகிறவனுக்கு வேலை சுலபம். சரி என்று ஒத்துக்கொண்டேன். மேடையில் ஏறியபோது அந்தப் பொய் வாயில் வர மறுத்தது.

எங்கள் காலத்திலும் யோசனைப் பெட்டி இருந்தது. 1984-ல் வந்தது. தொழிலாளிகளே கூடிப் பேசி யோசனை சொல்லும் தர வட்டம் என்று ஜப்பானில் 1962-ல் தொடங்கிய சங்கதி, 1980-ல் ஹைதராபாத் பி.எச்.இ.எல். வழியாக இந்தியாவுக்குள் வந்து, நாலு வருஷத்தில் கோயம்புத்தூர் முதலாளிகள் காதுக்கும் எட்டிவிட்டது. எங்கள் முதலாளி ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்து, மறுநாளே ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் சொல்லி ஓர் இரும்புப் பெட்டி செய்ய வைத்தார். சிவப்புப் பெயின்ட், மேலே ஒரு நீள வெட்டு, பூட்டு. கேன்டீன் பக்கத்தில் மாட்டினார்கள். முதல் வாரம் யாரோ அதில் ஊருக்கு எழுதிய இன்லண்ட் லெட்டரைப் போட்டுவிட்டார்கள். அதை எடுத்து ஸ்டாம்ப் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தபாலில் சேர்த்தவன் நான்தான். பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது.

அடுத்த மூன்று மாதத்தில் மொத்தம் பதினேழு சீட்டு வந்தது. பதினொன்று சாம்பாரைப் பற்றி. 'சாம்பாரில் பருப்பு போடவும்' என்று ஒரே கையெழுத்தில் நாலு. மிச்சம் கக்கூஸ் கதவுத் தாழ்ப்பாள், மழைக்கு ஒழுகும் கூரைத் தகரம், இப்படி. முதலாளி சலித்துக்கொண்டார். "ஜப்பான்காரன் எழுதறான், நம்மாளு சோத்தத் தவிர எதையும் நெனைக்க மாட்டேங்கறானே!" நானும் ஆமாம் போட்டேன். அமெரிக்காவில் கோடாக் கம்பெனி 1898-ல் யோசனைத் திட்டம் தொடங்கியபோது முதல் பரிசான 2 டாலர் எதற்குப் போனது என்று பிற்பாடுதான் படித்தேன். ஷாப்பின் ஜன்னல் கண்ணாடியைத் துடையுங்கள், வெளிச்சம் வரும் என்று எழுதிய தொழிலாளிக்கு. துடைத்தார்களாம். எங்கள் சாம்பாரில் பருப்பு விழவில்லை. பருப்பு கேட்டவனுக்கே பதில் இல்லாத பெட்டியில் பெரிய யோசனையை யார் போடுவான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மூளைதான் சைக்கிள் ஸ்டாண்டில் இருந்ததே.

இப்போது ரேடியல் டிரில்லுக்கு வருகிறேன். இந்தக் கதையே அங்கேதான் இருக்கிறது.

பம்ப் கேசிங்கின் விளிம்பில் ஆறு துளை போட வேண்டும். காஸ்டிங் மேல் சுண்ணாம்பு பூசி, டிவைடர் வைத்து வட்டம் போட்டு, ஆறாகப் பிரித்து, சென்டர் பஞ்சால் தட்டி, அப்புறம்தான் டிரில். ஒரு கேசிங்குக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும், அதில் பாதி மார்க்கிங்குக்கே போய்விடும். ஒரு ஷிப்டுக்கு 32 என்று கணக்கு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் போடும் ஒவ்வொன்றுக்கும் 40 காசு இன்சென்டிவ். எங்கள் டிரில்காரர் நாள் தவறாமல் 40 போடுவார். முப்பத்தொன்பதும் இல்லை, நாற்பத்தொன்றும் இல்லை. எட்டுக்கு 3 ரூபாய் 20 காசு.

ஒருநாள் மத்தியானம் அவர் வெளியே போயிருந்த நேரம், மெஷினுக்குப் பின்னால் திருப்பூர் பனியன் வேஸ்டு மூட்டையில் கை துடைக்கத் துணி இழுத்தேன். உள்ளே கனமாக ஏதோ தட்டுப்பட்டது. எட்டு மில்லிமீட்டர் இரும்புத் தகடு, வட்டமாக வெட்டியது. நடுவில் கேசிங் வாயில் கச்சிதமாக உட்காரும்படி ஒரு குமிழ். சுற்றிலும் ஆறு துளை. ஒவ்வொரு துளைக்கும் காய்லாங்கடைப் பேரிங்கிலிருந்து எடுத்த கெட்டி வளையம் புஷ்ஷாக அடித்திருந்தது. டிரில் ஜிக்! கேசிங் மேல் வைத்தால் மார்க்கிங்கே வேண்டாம், துளைக்குள் டிரில்லை இறக்கினால் போதும். கம்பெனியின் டிராயிங் ஆபீசில் மூன்று பேர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

திரும்பி வந்தவர் என் கையில் தகட்டைப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"பாத்துட்டீங்ளா தம்பி. பாத்தது பாத்துட்டீங்க, வெளிய சொல்லீறாதீங்க."

"ஏனுங்ணா, இத வெச்சா அறுபது அடிக்கலாமே?"

"அறுவத்தஞ்சே அடிக்கலாம். நாப்பதுக்கு மேல போனா கண்ணு பட்டுருமுங்க."

கண்ணேறு என்று அவர் சொன்னது ஆபீஸ் மாடியில் இருந்த ஸ்டாப் வாட்ச்சை.

தகட்டினால் ஒரு கேசிங்குக்கு ஏழு நிமிஷம்தான். நாற்பதையும் முடித்தபிறகு ஷிப்டில் இரண்டே முக்கால் மணி நேரம் அவருக்கு மிச்சம். அதை என்ன செய்தார் என்று பிறகுதான் கவனித்தேன். மழுங்கிய டிரில்களைப் பக்கத்து மெஷின்காரர்களுக்குத் தீட்டிக் கொடுத்தார். அப்ரண்டிஸ் பையன்களுக்கு முனைக்கோணம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். 3எம் என்ற அமெரிக்கக் கம்பெனி 1948-லிருந்தே ஊழியர்களின் நேரத்தில் 15 சதவீதத்தை அவரவர் இஷ்டத்துக்கு விடுகிறது என்று மேலாண்மைப் புத்தகங்கள் கொண்டாடுகின்றன. எங்கள் டிரில்காரர் ஒருத்தரையும் கேட்காமல் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். ஒரு வெள்ளைத்தாளில் அந்த ஜிக்கின் படத்தை வரைந்து, கீழே அவர் பெயரையும் டோக்கன் நம்பரையும் எழுதி, என்னிடமே சாவி இருந்த பெட்டியில் நானே போட்டேன். திங்கட்கிழமை நானே திறந்து நானே எடுத்தேன்.

முதலாளிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆயுத பூஜை அன்று எல்லாரையும் கூட்டிவைத்து டிரில்காரருக்கு மாலை போட்டு, ஓர் எவர்சில்வர் தூக்குப்போசியும் 51 ரூபாயும் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அவர் காமிராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தீபாவளி கழிந்த மறுவாரம் ஸ்டாப் வாட்ச் மாடியிலிருந்து இறங்கி வந்தது. தகட்டைப் பார்த்து டூல் ரூமில் நாலு செய்து, மஞ்சள் பெயின்ட் அடித்து நம்பர் போட்டார்கள். 32 என்ற கணக்கு 56 ஆனது. இனி அதே 3 ரூபாய் 20 காசுக்கு அவர் 64 அடிக்க வேண்டும், உட்கார நேரமில்லாமல். அவர் மட்டுமா? அடுத்த ஷிப்டுக்காரரும் அதற்கடுத்தவரும் சேர்த்துத்தான். அவர்கள் இருவரும் டிரில்காரரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் எழுதிப்போட்டதாகத்தானே சீட்டில் இருந்தது!

ஒருநாள் டீ இடைவேளையில் என்னிடம் கேட்டார். சத்தம் போடவில்லை.

"பரிசு குடுத்தாங்க, செரி. என்ர பேர எதுக்குங்க தம்பி எழுதுனீங்க?"

பெட்டியில் அதற்குப் பிறகு சீட்டு வரவில்லை. சாம்பார் சீட்டுகூட நின்றுபோனது. இரண்டு வருஷம் கழித்து, யாரோ வெற்றிலை எச்சில் துப்பியிருந்ததால் பெட்டியைக் கழற்றி ஸ்டோருக்குள் போட்டோம். டிரில்காரர் மேலும் பதினான்கு வருஷம் அதே மெஷினில் நின்றார். அந்தத் தூக்குப்போசியில்தான் ரிட்டயர் ஆகும்வரை சோறு கொண்டுவந்தார். எங்கள் ஊரில் பாத்திரத்தை வீணாக்க மாட்டார்கள். அந்தப் பதினான்கு வருஷத்தில் அவரிடமிருந்து புதிதாக ஒரு யோசனையும் வரவில்லை. வந்திருக்கும். எனக்குக் காட்டவில்லை.

பிற்பாடு என் மகள் எம்.பி.ஏ. படித்தபோது அவள் புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். சிகாகோ பக்கத்தில் ஹாத்தார்ன் என்ற இடத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் பெரிய தொழிற்சாலை. 1931 நவம்பரிலிருந்து ஆறேழு மாதம், டெலிபோன் ஸ்விட்ச்சுக்கு ஒயர் இணைக்கும் பகுதியைச் சேர்ந்த 14 ஆட்களைத் தனியறையில் உட்கார வைத்து ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். நிறையச் செய்தால் நிறையக் காசு என்பதுதான் அங்கே கம்பெனி போட்டிருந்த திட்டம். ஆட்களோ நாளைக்கு இரண்டு கருவி போதும் என்று தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டி வேகம் காட்டுகிறவன் தோளில் ஒரு குத்து விழும். ஏன் என்று கேட்டால், கூடச் செய்தால் ரேட்டைக் குறைப்பான், இல்லை ஆளைக் குறைப்பான் என்றார்கள். புத்தகம் எழுதியவர் இதைத் தொழிலாளரின் உணர்வுக் கோளாறு போல விளக்கியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கோளாறு எங்கே இருக்கிறது? என் டிரில்காரர் போட்டது மனக்கணக்கு. அது பைசா பிசகாமல் சரியாக வந்தது. தப்பாகக் கணக்குப் போட்டவன், படித்த நான்.

டொயோட்டாக்காரர்கள் 1951-ல் யோசனைத் திட்டம் கொண்டுவந்து வெற்றி பெற்றார்கள் என்று எங்கள் முதலாளி அடிக்கடி சொல்வார். அதற்கு முந்தைய வருஷம் அங்கே ஆட்குறைப்பும் பெரிய வேலைநிறுத்தமும் நடந்ததையும், கம்பெனியின் தலைவரே பதவி விலகியதையும், அதன் பிறகு வேலைக்கு உத்தரவாதம் என்ற பேச்சு அங்கே எவ்வளவு கனமானதாக ஆனது என்பதையும் அந்தக் கருத்தரங்கில் சொல்லவில்லை போலிருக்கிறது. பெட்டி செய்வது சுலபம். எங்கள் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் மேடையில் பாதிதான் சொன்னேன். கைதட்டினார்கள். "சூப்பர் ஸ்டோரி சார்" என்றாள் பேத்தி, கொஞ்சம் கலவரமாக. பிறகு என்னை ஒரு பஞ்சு மூட்டையில் உட்கார வைத்தார்கள். பீன் பேக் என்று பெயர். எழுந்திருப்பதற்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். யோசனை வராவிட்டாலும் ஆள் ஓடிப்போக முடியாது, அந்த வகையில் நல்ல ஏற்பாடு.

திரையில் ஸ்டீவ் ஜாப்ஸ் படம், பக்கத்தில் நம் ஜி.டி.நாயுடு படம். கோயம்புத்தூரில் நாயுடு படம் இல்லாமல் கூட்டம் நடக்காது. நடக்கவும் கூடாது. ஒரு மோட்டார் சைக்கிள்மேல் ஆசைப்பட்டு, ஓட்டலில் பரிமாறிக் காசு சேர்த்து அதை வாங்கி, அக்கக்காகக் கழற்றி மாட்டிய மனுஷன். பிறகு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். ஆனால் அந்த மோட்டார் சைக்கிள் அவருடையது, பஸ்ஸும் அவருடையது. மிச்சமான நேரமும் காசும் அவர் பைக்குத்தான் போயின. அவர் 40 கேசிங்கோடு நிறுத்த வேண்டிய அவசியம் வரவில்லை. படத்தைக் காட்டியவர்கள் இதைச் சொல்லவில்லை.

அப்புறம் எல்லாருக்கும் மஞ்சள் ஒட்டுச்சீட்டுக் கட்டு ஒன்று. பத்து நிமிஷத்தில் தோன்றுவதையெல்லாம் எழுதிக் கண்ணாடிச் சுவரில் ஒட்ட வேண்டும், எந்த யோசனையும் மட்டமில்லை, யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது. அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்ற விளம்பரக் கம்பெனிக்காரர் 1953-ல் புத்தகமாகவே எழுதிய முறை. ஐந்தே வருஷத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேர் கூடி உட்கார்ந்து யோசித்ததைவிட, நாலு பேர் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்தால் அதிகமாகவும் மேலானவையாகவும் யோசனைகள் தேறின. 1958-லேயே முடிவு வந்துவிட்டது. கூட்டம் மட்டும் இன்னும் முடியவில்லை.

அந்த ஒட்டுச்சீட்டுக்கே ஒரு கதை உண்டு. 3எம் கம்பெனியில் ஸ்பென்சர் சில்வர் என்ற விஞ்ஞானி 1968-ல் கெட்டியான பசை செய்யப்போய், ஒட்டியும் ஒட்டாததுமான ஒரு பசையைச் செய்துவிட்டார். என்ன பிரயோஜனம் என்று யாருக்கும் தெரியவில்லை. 1974-ல் அதே கம்பெனியில் வேலை செய்த, சர்ச்சில் பாடும் ஆர்ட் ஃபிரை என்பவர், பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டு நழுவி விழுகிறதே என்று எரிச்சல்பட்டபோது அவருக்கு அந்தப் பசை ஞாபகம் வந்தது. ஒட்டுச்சீட்டாகக் கடைக்கு வந்தது 1980-ல். பன்னிரண்டு வருஷம்! அந்தச் சீட்டைக் கையில் கொடுத்து, பத்து நிமிஷம் என்று இவர்கள் மணி அடித்தார்கள்.

சுவர் நிறைய மஞ்சள். பாதிச் சீட்டில் 'ஏ.ஐ.' என்று ஏதோ ஒன்றோடு ஒட்டியிருந்தது. ஏ.ஐ. மூலம் கேப் புக்கிங், ஏ.ஐ. மூலம் பிறந்தநாள் வாழ்த்து. பக்கத்திலிருந்த பெண்ணிடம் விசாரித்தேன். காலாண்டுக்கு ஒவ்வொருவரும் இரண்டு யோசனை பதிவு செய்தாக வேண்டுமாம். அப்ரைசலில் அதற்குப் புள்ளி உண்டு. அதனால் ஒவ்வொரு டீமிலும் யோசனைகளை எக்செல்லில் இருப்பு வைத்திருக்கிறார்கள். மார்ச் மாதக் கடைசியில் ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்துக்கொள்வார்கள். "புதுசா சேர்ந்தவங்களுக்கு நாங்களே ரெண்டு குடுத்துருவோம் சார், பாவம்" என்றாள். அந்த உபகார குணம் எனக்குப் பிடித்தது.

முதல் பரிசு ஐபோன் என்று அறிவித்தார்கள். எனக்கு இன்னொரு சோதனை நினைவுக்கு வந்தது. 1962-ல் சாம் கிளக்ஸ்பர்க் என்ற உளவியலாளர் செய்தது. மெழுகுவத்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறையக் குத்தூசி. மெழுகுவத்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். ஊசிகளைக் கொட்டிவிட்டுப் பெட்டியைச் சுவரில் அடித்து அதையே தட்டாக வைக்கலாம் என்று தோன்ற வேண்டும். சீக்கிரம் முடித்தால் 5 டாலர், எல்லாருக்கும் முதலாக முடித்தால் 20 டாலர் என்று சொல்லப்பட்டவர்கள், காசு பேச்சே இல்லாதவர்களைவிடச் சுமார் மூன்றரை நிமிஷம் அதிகம் எடுத்துக்கொண்டார்கள். ஊசியை முன்கூட்டியே வெளியே வைத்துவிட்டால் மட்டும் காசு வேலை செய்தது. வழி கண்ணுக்குத் தெரிந்தால் பரிசு காலுக்கு வேகம் தருகிறது. வழியைத் தேட வேண்டும் என்றால் பரிசே கண்ணை மறைக்கிறது. என் டிரில்காரர் இரண்டு மாதம் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தகட்டை அராவியபோது எதிரே தூக்குப்போசி இல்லை.

இங்கேயும் யோசனைப் பெட்டி உண்டு, க்யூ.ஆர். கோடாக. பெயர் தேவையில்லை, பயமில்லாமல் எதையும் சொல்லலாம். மூன்று மாதமாக ஒரு குறையும் வரவில்லை என்று பேத்தி பெருமையாகச் சொன்னாள். ஏமி எட்மன்சன் என்ற பேராசிரியை ஆஸ்பத்திரிகளில் பார்த்தது வேறு. நன்றாக நடக்கும் வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே நர்ஸுகள் வாய்திறந்து சொன்னார்கள், அவ்வளவுதான். "ஒண்ணுமே வரலையா கண்ணு?" என்றேன். "சாம்பாரப் பத்தி மட்டும் நாலஞ்சு வந்துச்சு சார். அது சீரியஸ் இல்ல, டெலீட் பண்ணிட்டோம்."

சாயங்காலம் வெளியே டீக்கடையில் நின்றேன். என் பேச்சைக் கேட்ட பையன் ஒருவன் பக்கத்தில் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும்.

"சார், அந்தத் தகடு... எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு."

தினமும் காலையில் அவன் பதினோரு ஃபைலிலிருந்து எடுத்து ஒரு ரிப்போர்ட் செய்ய வேண்டும். நாலு மணி நேர வேலை என்று கணக்கில் இருக்கிறது. ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருக்கிறான். ஆறு நிமிஷத்தில் முடிகிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து மெயில் அனுப்புவான். நடுவில் என்ன செய்வாய் என்றேன். டீமில் யாருக்காவது சிக்கல் என்றால் உட்கார்ந்து சரி செய்து கொடுப்பானாம். கொஞ்ச நேரம் சும்மா இருப்பானாம்.

"ஐபோன் குடுக்கறாங்களே, சொல்லலாமில்ல?"

"எங்க டீம்ல இந்த மாதிரி ரிப்போர்ட் செய்யறவங்க மூணு பேர் சார். ஒருத்தருக்குக் கொழந்தை பொறந்து நாலு மாசம் ஆகுது."

அந்தப் புரோகிராமை 'வாடகை ரசீது' என்ற ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறானாம். பனியன் வேஸ்டுக்கு இப்போது அப்படி ஒரு பெயர்.

நாலு மணி நேரத்தை ஆறு நிமிஷமாக்கிய அவன், காலையில் சுவரில் என்ன ஒட்டினான் தெரியுமா? ஏ.ஐ. மூலம் காபி மெஷின்.

டீக்குக் காசு அவனே கொடுத்தான். கிளம்பும்போது, "பேரு எழுதீற மாட்டீங்களே சார்?" என்று சிரித்தான். சிரிப்புதான், ஆனாலும் கேட்டுவிட்டான்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பேத்தி ஒரு படிவம் அனுப்பியிருந்தாள். விருந்தினரின் கருத்து. இன்று நீங்கள் கேட்டதிலேயே சிறந்த யோசனை எது, சொன்னவர் யார்? பெயர் இல்லாமல் படிவம் நகராது என்று சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகத் தட்டினேன்.

யோசனை: சாம்பாரில் பருப்பு போடவும். சொன்னவர்: நான்.

அதற்கு முப்பது புள்ளி கிடைத்ததாக மறுநாள் பேத்தி போன் செய்தாள்.